நூத்திப் பதினோரு நாள்

உக்காருங்க தம்பி. அந்தப் பைய மேல வைக்காதீங்க, வளைவுல விழுந்துரும். எங்கிட்டக் குடுங்க, மடியில வச்சுக்கிடுறேன். எதுவரைக்கும்? தென்காசியா. நான் புளியங்குடி. ராஜபாளையத்துல ரோட்டத் தோண்டிப் போட்டிருக்கான், எப்படியும் ரெண்டு மணி நேரம் ஆக்கிருவான்.

கையில மருதாணி இன்னும் போகலையே. கல்யாணம் ஆகி எத்தன நாளாச்சு? பதினேழு நாளா. நல்லா இருங்க. பதினேழு நாளுங்கிறது முக்கியமான நேரம் தம்பி. இருபத்தொரு நாள்ல ஒரு பழக்கம் உடம்புல ஒட்டிக்கிடும். நல்லதோ கெட்டதோ, இருபத்தொண்ணு. நான் சொல்லல. கோட்டு போட்ட ஒருத்தரு செல்லுல பேசுவாரு, தெனம் காலையில அஞ்சு மணிக்கு அவரு பேச்சு வந்துரும், நான் ஒரு நாள் விடாமக் கேப்பேன். மனுசன் நெனச்சா எந்தப் பழக்கத்தையும் மாத்திக்கிடலாம்பாரு. அதுக்கு நானே சாட்சி.

எம்பேரு அழகர்ராஜ். சிவகாசியில ஆப்செட் பிரஸ்ஸுல கட்டிங் மிஷின் ஓட்டுறேன். ஒரு ரீம் தாள வச்சு அமுக்குனா, வாழத்தண்டு மாதிரி வெட்டித் தள்ளிரும். பத்தொம்பது வருசமா ஓட்டுறேன், பத்து வெரலும் இருக்கு, பாருங்க. நிதானம் இல்லாதவன் அந்த மிஷின்ல நிக்க முடியாது. இத ஏன் சொல்றேன்னா, எனக்கு நிதானம் கெடையாதுன்னு எம்வீட்டுக்காரி மகளிர் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திருக்கா.

அடிப்பேன். மறைக்கல. பதினாலு வருசக் குடும்பத்துல அடிச்சிருக்கேன். ஆனா கையால மட்டுந்தான் தம்பி. கம்பு, பெல்ட்டு, அந்த மாதிரிச் சாமான் எதையும் நான் தொட்டதில்ல. ஒரு தடவ இஸ்திரிப் பெட்டிய எறிஞ்சேன், அதுவும் அவ மேல படல, வயரோட பிளக்குதான் பட்டுச்சு. குடிக்க மாட்டேன். வேற பொம்பள சோலி கெடையாது. கோவம் ஒண்ணுதான். சட்டுன்னு வந்து சட்டுன்னு போயிரும். அஞ்சு நிமிசத்துல நானே காப்பி போட்டுக் குடுப்பேன், அவதான் குடிக்க மாட்டா.

மாரீஸ்வரின்னு பேரு. போன ஆனி மாசம், மதியம் சாப்பாட்டு நேரத்துல நான் போன் போடுறேன், லைன் கெடைக்கல. இன்னொருக்காப் போடுறேன், கெடைக்கல. ஆறு தடவ. வீட்டுக்கு வந்து பாத்தா அவ அக்கா பேச்சியம்மாகிட்டப் போன்ல சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்கா. நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? ஒரே அடிதான். எடது காதுல விழுந்துருச்சு. கம்மல் தெறிச்சு எங்கயோ போயிருச்சு, ரத்தம் கழுத்து வழியா எறங்கி ஜாக்கெட்ட நனைச்சுருச்சு. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஜவ்வு கிழிஞ்சு போச்சு, இனி அந்தக் காது சரியாக் கேக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்குள்ள பேச்சியம்மா புளியங்குடியில இருந்து வந்து எறங்கிட்டா. நேரா ஸ்டேஷன்.

அங்க கிரேஸ் மேடம்னு ஒருத்தங்க, புருசன் பெண்டாட்டி தகராறுக்கு ஆலோசனை சொல்றவங்க. சத்தம் போடல, தப்பாப் பேசல. எப்பக் கோவம் வரும், வந்தா உடம்புல என்ன செய்யுது, எல்லாம் பொறுமையாக் கேட்டாங்க. கோவம் வந்தா வாசலத் தாண்டி நடங்க, முக்குக் கடை வரைக்கும் போயிட்டு வாங்கன்னாங்க. அடிக்காத நாள ஒவ்வொண்ணாக் காலண்டர்ல குறிங்க, வருசத்த நெனைக்காதீங்க, இன்னைக்கு ஒரு நாள் மட்டும்னு நெனைங்கன்னாங்க. இன்னும் என்னென்னவோ சொன்னாங்க, அவகிட்ட ஒக்காந்து பேசணும், அவ சொல்றதக் கேக்கணும், அது இதுன்னு. எனக்கு அந்தக் காலண்டர் விசயம் பச்சக்குனு ஒட்டிக்கிடுச்சு. நம்ம தொழிலே காலண்டர்தான.

ஆடிப்பெருக்கு அன்னைக்கு ஆரம்பிச்சேன். பிரஸ்ஸுல இருந்து பெரிய எழுத்துக் காலண்டரு ஒண்ணு எடுத்துட்டு வந்து, அடுப்படியில, அவ நின்னு சமைக்கிற எடத்துக்கு நேர் எதுத்தாப்புல ஆணி அடிச்சு மாட்டுனேன். பக்கத்துலயே சிவப்பு ஸ்கெட்ச்சு ஒண்ணு நூல்ல கட்டித் தொங்க விட்டேன். அவ பாக்கணும்ல. நான் படுற பாடு அவளுக்குத் தெரியணும்ல.

பாடுன்னா சாதாரணப் பாடு இல்ல தம்பி. காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஸ்கூல் கிரவுண்டுல ஓடுவேன். பச்சத் தண்ணியில குளிப்பேன். கோட்டுக்காரரு சொன்னபடி மூச்ச இழுத்து நிப்பாட்டி விடுவேன். ஆனா வீட்டுக்குள்ள நொழஞ்சா அவ ஏதாவது ஒண்ணு செய்வா. கூப்பிட்டா திரும்ப மாட்டா. எடது பக்கம் நின்னு மூணு தடவ கூப்பிட்டாலும் அப்படியே கல்லு மாதிரி நிப்பா, அவ்வளவு திமிரு. எனக்குக் கை நமநமன்னு வரும். வெளிய போயிருவேன். பன்னெண்டாம் நாளு மட்டும் முக்குக் கடைக்குப் பதினோரு தடவ போயிட்டு வந்தேன். கடைக்காரரு, என்ன, கடைய வெலைக்கு வாங்கப் போறீங்களான்னு கேட்டாரு. கிரவுண்டுல போயி ஒத்தையில ஒக்காந்து அழுதிருக்கேன். சத்தியமா. யாருக்குத் தெரியும் அது?

ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சதும் அவ கையில ஸ்கெட்ச்சக் குடுப்பேன். நீயே டிக் போடுன்னுவேன். நானாப் போட்டா அது ஏமாத்து, அவ போட்டாத்தான கணக்கு? மொதல்ல முழிப்பா. அப்புறம் போட்டுருவா. பத்தொம்பதாம் நாளு, மாவு கையோட இருக்கேன், நீங்களே போட்டுக்கிடுங்கன்னா. என்னால பொறுக்க முடியல. நாளெல்லாம் பல்லக் கடிச்சுக்கிட்டு நிக்கேன், ஒரு கோடு இழுக்க ஒனக்கு வலிக்குதா? கையப் புடிச்சு, வெரல மடக்கி, ஸ்கெட்ச்ச வச்சு, போட வச்சேன். ரெண்டு வளையல் ஒடஞ்சு மணிக்கட்டுல குத்திருச்சு. அது அடியில்ல தம்பி. கையப் புடிச்சது. டிக்கும் விழுந்துருச்சு, நாளும் தப்பிச்சுது.

கோவத்த உள்ளயே வச்சா மனுசன் வெடிச்சுருவான், எங்கயாவது எறக்கி வைக்கணும். மிக்ஸி ஜார ஒடச்சேன். குளியலறைக் கதவுல ஒரு உதை, பலக பிளந்துருச்சு. இதெல்லாம் சாமான், போனா வாங்கிக்கிடலாம். பிரஸ்ஸுல காளிராஜ்னு ஒருத்தன், எனக்குத் தாள் அடுக்கிக் குடுக்கிறவன், வாய் சும்மா இருக்காது. என்னண்ணே, இன்னைக்கு அண்ணி மார்க்குப் போட்டாங்களான்னு எல்லாரு முன்னாடியும் கேட்டுட்டான். நாப்பத்தி ரெண்டாம் நாளு அது. தலமுடியப் புடிச்சு மிஷின் மேசையில மோதுனேன். ஒரு தடவன்னுதான் நெனச்சேன், மூணு பேரு வந்து இழுத்தப்பதான் நான் நிறுத்தலன்னே தெரிஞ்சுது. முன்பல்லு ரெண்டு, தாளோட தாளாக் கெடந்துச்சு. வெட்டி அடுக்குன தாளெல்லாம் ரத்தம். ஐப்பசி மாசத்துத் தாளு. முதலாளி ஒரு வாரம் வராதன்னுட்டாரு.

அன்னைக்கு அவ டிக் போட யோசிச்சா. யோசிக்க என்ன இருக்கு? கணக்கு யாரு பேருல? அவ பேருல. காளிராஜ் பேருல கணக்கே கெடையாதுல்ல? போட வச்சேன்.

எங்களுக்கு ஒரே மக. தர்ஷினி, எட்டாவது படிக்கா. அறுபத்தி மூணாம் நாளு காலாண்டுப் பரிச்சத் தாளோட வந்தா. கணக்குல முப்பத்தெட்டு. இந்த அறுபத்தி மூணக் கொஞ்சம் கவனிச்சுக்கிடுங்க. அறுபத்தாறு நாள் தாண்டிட்டா பழக்கம் குணமாவே மாறிரும்னு கோட்டுக்காரரு சொல்லுவாரு. எனக்கு இன்னும் மூணே நாளு. இந்த நேரத்துல போயி முப்பத்தெட்டு. ஏன்டி இப்படின்னு கேட்டேன். தலையக் குனிஞ்சுக்கிட்டு, வீட்ல படிக்க முடியலப்பான்னா. வீட்ல என்ன குறை? நான் சத்தம் கூடப் போடுறதில்லையே, எழுந்து எழுந்து வெளியதான போறேன்? கன்னத்துல ஒண்ணு விட்டேன். இன்னொண்ணும் விட்டேன். செவுத்துல போயி மோதி, உதடு கிழிஞ்சு போச்சு. அழல. அது அழவே அழாத பிள்ள, சின்னதுல இருந்தே. அப்பன் பிள்ளையக் கண்டிக்கிறது வேற, அது எல்லா வீட்லயும் உள்ளதுதான்.

அன்னைக்குத்தான் தம்பி எம்வீட்டுல ஒரு மாத்தம் வந்துச்சு. மாரீஸ்வரி பிள்ள உதட்டக் கழுவி விட்டா. சோறு வச்சா. சாப்பிட்டு முடிச்சதும் நான் கேக்கல, கொள்ளல, அவளாப் போயி ஸ்கெட்ச்ச எடுத்து டிக் போட்டா. எனக்கு ஒடம்பு சிலுத்துருச்சு. அறுபத்தி மூணு நாளா இதுக்குத்தான காத்துக்கிட்டு இருந்தேன்?

அதுல இருந்து அவ ஆளே வேற. கேக்கறதுக்கு முன்னாடி டிக் விழுந்துரும். எதுத்துப் பேச்சு கெடையாது. ஞாயித்துக்கெழம கறி எடுத்துக் கொழம்பு வைப்பா. தீபாவளிக்கு வீட்டையே ஒதுங்க வச்சா. வேண்டாத துணி எதுக்குன்னு அலமாரியக் காலி பண்ணுனா, பிள்ளையோட பழைய புஸ்தகமெல்லாம் கட்டி வச்சா. பேச்சியம்மா ரெண்டு தடவ வந்து பையோட போனா, நானே பஸ்ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில கொண்டு போயி விட்டேன். ஸ்கூல்ல ஏதோ கையெழுத்து வேணும்னு ஒரு தாளக் குடுத்தா, எங்க போடணும்னு கேட்டுப் போட்டுக் குடுத்தேன். நாம மாறுனா வீடும் தானா மாறும்னு கோட்டுக்காரரு சொல்வாரு. கண்ணால பாத்தேன்.

நூறாம் நாளுக்குக் கேக்கு வாங்குனேன். மேல நூறுன்னு கிரீம்ல எழுதச் சொன்னேன். தெருவுல நாலு வீடு, பிரஸ்ஸுல ஏழெட்டுப் பேரு, பிரியாணி. காளிராஜையும் கூப்பிட்டேன், வரல. எல்லாரு முன்னாடியும் நான் ரெண்டு வார்த்த பேசுனேன், விடாமுயற்சியப் பத்தி. கைதட்டுனாங்க. அப்புறம் மாரீஸ்வரிய, நீயும் நாலு வார்த்த சொல்லுன்னேன். எல்லாரையும் ஒரு தடவ பாத்தா. எல்லாரும் சாப்பிட்டுப் போங்கன்னா. அவ்வளவுதான். நூறு நாளுக்கு நாலு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிருவா? எனக்கு மொகமே செத்துருச்சு. ஆனாலும் கை ஓங்கல. அன்னைக்கு ஓங்காததுதான் இருக்குறதுலயே பெருசுன்னு நான் சொல்லுவேன்.

நூத்திப் பதினோராம் நாளு, மிஷின் கத்தி சாணைக்குப் போயிருந்துச்சு. வேலையில்லன்னு பதினோரு மணிக்கே வீட்டுக்கு வந்துட்டேன். வாசல்ல ஆட்டோ. உள்ள போனா மூணு பையி, ஒரு ட்ரங்குப் பெட்டி. பிள்ள ஸ்கூலுக்குப் போகாம கலர் டிரஸ்ஸுல நிக்கா. எனக்கு ஒண்ணும் புரியல. யாராவது செத்துட்டாங்களான்னு கேட்டேன்.

அவ என்னையப் பாத்து, பதறாமச் சொன்னா. "நாங்க அக்கா வீட்டுக்குப் போறோம். இனி வர மாட்டோம்."

நான் கையக் கட்டிக்கிட்டேன் தம்பி. ரெண்டு கையையும் இப்படி அக்குள்ல வச்சு அழுத்திக்கிட்டேன். மூச்ச இழுத்து நிப்பாட்டி விட்டேன். காலண்டரக் காமிச்சேன். நூத்திப் பத்து டிக் இருக்கு, உன் கையால போட்டது, ஒரு நாள் அடிச்சேனா, சொல்லுன்னு கேட்டேன். கெஞ்சித்தான் கேட்டேன்.

அவ சொன்னது இன்னும் காதுலயே நிக்குது. "காலையில எந்திரிச்சதும் அந்தத் தாளத்தான் பாப்பேன். அடி இன்னைக்கு விழுமா நாளைக்கு விழுமான்னு. முன்னல்லாம் அடிச்சீங்கன்னா அன்னைக்கோட முடிஞ்சிரும். பத்து நாளாவது தூங்குவேன். இந்த நூறு நாளும் நான் தூங்கல."

இது நியாயமா? நீங்களே சொல்லுங்க. அடிச்சதே தேவலன்னு சொல்றா. நான் ஓடுன ஓட்டம், பச்சத் தண்ணி, கிரவுண்டு, எல்லாத்தையும் ஒரு வார்த்தையில குப்பையில போட்டுட்டா. கை தானா எறங்குச்சு. மொத அடியில ட்ரங்குப் பெட்டி மேல விழுந்தா, விளிம்பு புருவத்துல வெட்டிருச்சு. எந்திரிக்கப் பாத்தா. கழுத்தப் புடிச்சுச் செவுத்துல வச்சேன். அப்ப நான் கத்துனது என்னன்னா, அழிச்சுட்டியேடி, நூத்திப் பதினொண்ண அழிச்சுட்டியேடின்னு. கத்திக்கிட்டே அடிச்சேன். எத்தனைன்னு எண்ணல. அவ கத்தல, மூச்சுத்தான் கொர்ருகொர்ருன்னு கேட்டுச்சு.

அப்பதான் என் பொடனியில இடி விழுந்த மாதிரி விழுந்துச்சு. திரும்புறேன், நெத்தியில ஒண்ணு. பாப்பா. கையில இரும்பு தோசக்கல்லு. கல்லோட காதப் புடிச்சு ரெண்டு கையாலயும் ஓங்குறா. மூணாவது தோளுல, நாலாவது நான் தடுத்த கையில. இந்தா பாருங்க, இந்த வெரலு இன்னும் மடங்காது. மிஷின் பத்தொம்பது வருசமா எடுக்காத வெரலு. நான் கீழ விழுந்துட்டேன். அப்பயும் அவ நிறுத்தல. மொகத்துல ஒரு கோவம் இல்ல, அழுக இல்ல, பாடம் எழுதுற மாதிரி அவ பாட்டுக்கு அடிக்கா.

மாரீஸ்வரிதான் எந்திரிச்சு வந்து பிள்ள கையப் புடிச்சா. கண்ணுல ரத்தம் வழியுது, ஒரு கண்ண மூடிக்கிட்டே, தோசக்கல்ல வாங்கிக் கீழ வச்சா. வச்சுட்டுச் சொன்னா. "போதும் பாப்பா. பழக்கமாயிரும்."

ஆட்டோக்காரன்தான் பையெல்லாம் தூக்குனான். என்னையத் தாண்டித்தான் போனாங்க. எனக்கு நெத்தியில ஒம்போது தையலு.

இப்பக் கேசு நடக்குது. அவங்க இருக்குற வீட்டுப் பக்கமே போகக்கூடாதுன்னு கோர்ட்டுல ஒரு உத்தரவும் வாங்கி வச்சிருக்காங்க. இருக்கட்டும். நான் என்ன, அடிக்கவா போறேன்? நான் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சுட்டேன் தம்பி. விழுந்தா எந்திரிச்சு ஒண்ணாம் நாள்ல இருந்து ஓடணும், அதுதான் முக்கியம். இன்னைக்கோட நாப்பத்தி ஏழு. ஒரு நாள் பிசகல. இந்தா, என் பையில இருக்கு, புதுக் காலண்டரு, டிக்கெல்லாம் நானே போட்டது. அதக் காமிக்கத்தான் போறேன்.

என்ன கேட்டீங்க? அவங்க வீட்ல இல்லாதப்ப எப்படி எண்ணுறதுன்னா? ஏன், அடிக்காத நாளு அடிக்காத நாளுதான? நேத்துக் கல்யாணம் ஆனவரு நீங்க, ஒங்களுக்கு என்ன தெரியும்? நாப்பத்தி ஏழு நாளு தனியா இருந்து பாருங்க, தெரியும். சரி, பயந்துறாதீங்க, கைய விட்டுட்டேன். லேசாத்தான் புடிச்சேன். செவந்துருச்சோ? மருதாணியா இருக்கும்.

வாசுதேவநல்லூர் தாண்டிருச்சு. ஒங்க செல்லக் கொஞ்சம் குடுங்க. என் நம்பர அவங்க எடுக்க மாட்டாங்க. ஒரே ஒரு போனு. ஏன் தயங்குறீங்க, அதையத் தின்னுறவா போறேன்? லாக்க எடுத்துக் குடுங்க. ம்.

அலோ. பாப்பா. அப்பா பேசுறேன்மா. வச்சுறாத, வச்சுறாத. சும்மா பாத்துட்டுப் போகத்தான். பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்கேன். அம்மா இருக்காளா? ம். ம். சரிம்மா. சரி.

இந்தாங்க செல்லு. எடுத்துட்டா தம்பி. பிள்ள எடுத்துட்டா. அம்மாவும் பெரியம்மாவும் எலுமிச்ச மண்டிக்கு வேலைக்குப் போயிட்டாங்களாம். திட்டல, போன வைக்கல, ஒரு பதட்டம் இல்ல. நெதானமாச் சொன்னா. நான் மட்டுந்தான் இருக்கேன், வாங்கன்னா. கதவு தெறந்துதான் கெடக்குன்னா.

கண்ணுல தண்ணி வந்துருச்சு, பாருங்க. பதிமூணு வருசத்துல அவ என்னைய வாங்கன்னு கூப்பிட்டதே இல்ல தம்பி.